பாலத்தடியில் அப்பா இல்லை

1

இன்று சனிக்கிழமை. ஸ்டாக்ஹோமில் மாரத்தான் நடக்கும் நாள். நகரத்தின் பாதிச் சாலைகளை அடைத்துவிட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போகும் என் பஸ் ஓடவில்லை. பாலங்களைக் கடந்து நடந்தே வேலைக்குப் போனேன். வழியில் பந்தயச் சட்டைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக விளையாட்டரங்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நடைபாதையில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். போன வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த வருஷம் எனக்கு டூட்டி.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மாரத்தான் என்பது நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதை முதன்முதலில் அப்பாவிடம் சொன்னபோது அவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். பாறசாலை டிப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தூரம் என்றால் அவருக்கு ஸ்டாப்புகள்தான்.

"பாறசாலையில கேறினா நெய்யாற்றின்கரை கழிஞ்சு, திருவனந்தபுரமும் கழிஞ்சு போவணுமே."

"ஆமாப்பா."

"அதுக்குப் பஸ் உண்டு மக்கா."

இங்கே மாரத்தான் கோடையில் நடக்கிறது. மதியம் தொடங்கும். இந்த நகரம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் தீவு தீவாகக் கிடக்கிறது. வருஷத்தில் பாதி நாள் சாம்பல் நிறம். ஜூன் வந்ததும் யாரோ துணியை உருவியது போலத் தண்ணீர் நீலமாகிவிடும். ஜனங்கள் நாற்காலியும் பிளாஸ்கில் காப்பியுமாகத் தெருவோரம் வந்து உட்கார்ந்து, யாரென்றே தெரியாதவர்களைப் பார்த்து "ஹேயா! ஹேயா!" என்று கத்துவார்கள். மற்ற நாட்களில் லிஃப்டில் முகம் பார்க்காதவர்கள் இவர்கள். அந்த ஒரு நாள் சத்தத்துக்காகவே நான் ஓட ஆரம்பித்தேன் என்று சில சமயம் தோன்றும்.

2

நான் கொல்லயில்காரி. பாறசாலைக்குப் பக்கத்தில், கேரளத்துக்குள் இருக்கிற சின்ன ஊர். நர்சிங் முடித்து இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. வந்த புதிதில் வடக்கே ஒரு சின்ன ஊரில் வேலை. அங்குள்ளவர்கள் 'ஆமாம்' என்பதற்கு வாயைத் திறந்து பேசமாட்டார்கள், விருட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். முதல் வாரத்தில் ஒரு கிழவரிடம், "நன்றாகத் தூங்கினீர்களா?" என்று கேட்டேன். அவர் மூச்சை இழுத்தார். நான் ஆக்சிஜன் எடுக்க ஓடினேன். அந்த வார்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஓட்டம் எனக்குப் புதிதல்ல. நெய்யாற்றின்கரையில் படித்த நாட்களில் தினமும் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன். பல நாட்களில் அது அப்பாவின் பஸ்ஸாக இருக்கும். நான் புத்தகங்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தோப்பிலிருந்து ஓடி வருவது அவருக்குத் தெரியும். இருந்தாலும் 'போட்டே' என்று டபுள் பெல் கொடுத்துவிடுவார். வண்டி நகர்ந்துவிடும். டிரைவர் பாவப்பட்டு மெதுவாக உருட்டினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வீட்டில் அம்மா சண்டை போடுவாள்.

"பெத்த பிள்ளைக்கு ஒரு நிமிஷம் நிறுத்தக்கூடாதாக்கும்?"

"எம் பிள்ளைக்கு நிறுத்தினா நாளைக்கு ஊருக்கெல்லாம் நிறுத்தணும்" என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது.

அம்மா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில் இறந்துபோனாள். நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கல்லறையில் வைத்த பூக்கள்கூட வாடியிருந்தன. நான் ஒரே பிள்ளை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டைப் பூட்டி, சாவியைக் கிழக்கு வீட்டு செல்லப்பன் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, அவரைக் கையோடு கூட்டி வந்தேன். அவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்க வேண்டுமே. அலுவலகத்தில் அப்பாவின் தாய்மொழி தமிழ், ஊர் கேரளம் என்று எழுதிக் கொடுத்தோம். ஏதோ தவறு இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். அவர்களுடைய பட்டியலில் கேரளத்துக்கு நேராக வேறு மொழி இருந்தது. எல்லைக்குக் கேரளப்பக்கம் இருந்தாலும் வீட்டில் தமிழ்தான் பேசுவோம், கடையில் மலையாளம் பேசுவோம், சண்டையில் இரண்டும் பேசுவோம் என்று எந்த நாட்டு அதிகாரிக்கு விளக்குவது? கடைசியில் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனை மொழிபெயர்க்க வைத்தார்கள். அருமையான தமிழ் பேசினான். அப்பா பவ்யமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் காதில் சொன்னார்:

"அந்தப் பிள்ளைக்குத் தமிழ் நல்லாத் தெரியும் மக்கா. எனக்காக்கும் தெரியல்ல."

ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரு அதிகாரி அம்மாள் கேட்டாள். அப்பா விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். "செல்லப்பன் உண்டு. டீக்கடை மணியன் உண்டு. பனச்சமூட்டுல என்கூட டிரைவரா இருந்த குட்டப்பன் உண்டு..." அந்த அம்மாள் பேனாவை நிறுத்தி, "உறவினர்கள் மட்டும்" என்றாள். அப்பா மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். நான் முந்திக்கொண்டு சொன்னேன்: "யாரும் இல்லை."

3

போன வருஷம் மாரத்தானுக்கு முந்தின மாலை நான் சட்டையில் நம்பர் குத்திக்கொண்டிருந்தேன். என் கணவர் வில்சன் தபால் பிரிக்கும் வேலைக்குப் போயிருந்தார். மகள் லீனா அவள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். லீனாவுக்குப் பதினாறு வயது, அப்பாவுக்கு அவள் இன்னும் 'கொச்சு', சின்னப்பிள்ளை. நாங்கள் தமிழில் கேட்டால் சுவீடிஷில் பதில் சொல்வாள். அப்பாவுக்கும் அவளுக்கும் இடையே ஓடியதெல்லாம் 'பாட்டா' என்ற ஒரு சொல்லும் கொஞ்சம் தலையாட்டலும்தான்.

அப்பா ஜன்னலோரம் நின்றிருந்தார். குளிர்காலம் முழுவதும் அவர் நின்ற இடம் அது.

"மக்கா, ஒரு காரியம் பறயட்டா? நான் ஊருக்குப் போறேன்."

"லீவுக்கா? ஆகஸ்ட்ல பாப்போம்ப்பா."

"லீவுக்கு இல்ல."

ஊசி என் விரலில் குத்தியது. "அங்க உங்களுக்கு யாரு உண்டு?" என்றேன். அந்த அலுவலகக்காரியின் குரல் எனக்கே கேட்டது. "நெஞ்சு வலிச்சா யாரு பாப்பா?"

"இங்க யாரு பாக்கா? நீ ஆஸ்பத்திரியில. மருமவன் வேலையில. கொச்சு பள்ளிக்கூடத்துல. வலிச்சா நானும் இந்தச் சுவருமாக்கும்."

"அம்மாவத் தனியா விட்டுட்டு நான் இங்க கெடந்தேன். உங்களையும் அப்பிடி விடணும், அதானே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் பிறகு பேசவில்லை. காலையில் இட்லியை எடுத்து வைத்துவிட்டு, எங்கே நிற்க வேண்டும் என்பதை லீனாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மேற்குப் பாலத்தின் அடியில், பாலம் இறங்கி ஏரிக்கரைச் சாலையைத் தொடும் இடம். ஓட்டம் நகரத்தை இரண்டு சுற்றுச் சுற்றும். ஒரே இடத்தில் நின்றால் இரண்டு தடவை பார்க்கலாம். என் பையும் மாற்றுடையும் லீனாவிடம் இருந்தன.

4

அன்றைக்கு நல்ல வெயில். பக்கத்தில் ஓடிவந்த ஒரு தடித்த பெண்மணி, "உனக்கு இது சூடே இல்லை, இந்தியாக்காரி ஆயிற்றே" என்று மூச்சிரைக்கச் சொன்னாள். இருபது வருஷம் பனியில் ஊறிய உடம்பு இது என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை. அவளுக்கும் முகம் பீட்ரூட் போல ஆகியிருந்தது. நானும் அவளும் ஒரே தண்ணீர்த் தொட்டியில் தொப்பியை முக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டோம்.

மேற்குப் பாலம் உயரமானது. ஏறும்போது உயிர் போகும். உச்சிக்குப் போனால் நகரம் முழுவதும் கீழே கிடக்கும். தேவாலயக் கோபுரங்கள், வெள்ளைக் கப்பல்கள், பாறைகளில் படுத்து வெயில் காய்கிற ஜனங்கள். முதல் சுற்றில் அதையெல்லாம் பார்த்தேன். இறங்கும்போது அப்பாவையும் பார்த்தேன். வேட்டி, அதற்குமேல் ஸ்வெட்டர், தலையில் வில்சனின் கம்பளித் தொப்பி. லீனா நாலடி தள்ளி, காதில் வாக்மேனோடு, அவருக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது போல நின்றாள். அப்பா கையை உயர்த்தினார். நான் பாதிக் கை உயர்த்தினேன். சிரிக்கவில்லை. ஓடிவிட்டேன்.

இரண்டாம் சுற்றில் அதே பாலத்தில் இடது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கைப்பிடியைப் பிடித்து நின்றேன். சுற்றிலும் நடக்கிறவர்கள், வாந்தி எடுக்கிறவர்கள், அழுகிறவர்கள். ஒரு பெரிய மனிதர் பாலத்தின் நடுவில் மல்லாந்து படுத்து ஆகாயத்தைப் பார்த்து ஏதோ பாடிக்கொண்டிருந்தார். போதும் என்று முடிவு செய்தேன். கீழே போய்ப் பையை வாங்கி, உடுப்பை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். நொண்டிக்கொண்டே இறங்கினேன்.

பாலத்தடியில் அப்பா இல்லை. லீனாவும் இல்லை.

அவர்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு வயதான பெண் உட்கார்ந்திருந்தாள். வெள்ளை உடுப்புக்காரப் பெரியவரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"ஓடினாரே" என்றாள்.

என் சுவீடிஷில்தான் ஏதோ பிசகு என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். அவள் இரண்டு முழங்கைகளையும் மடக்கி ஆட்டிக் காட்டினாள். "ஓடினார். உடுப்பை இப்படி மடித்துக் கட்டிக்கொண்டு. பின்னால் அந்தப் பெண்ணும் ஓடினாள்." ஏரிக்கரைச் சாலையின் பக்கம் கை காட்டினாள்.

நெஞ்சுவலிக்காரர். மாத்திரை என் பைக்குள். பை லீனாவிடம். லீனா எங்கே? சாலையின் இருபக்கமும் ஜனக்கூட்டம். அவர்களைப் பிடிக்க இருந்த ஒரே திறந்த வழி ஓட்டக்காரர்கள் ஓடும் வழிதான். கெண்டைக்காலை நான்கு குத்து குத்திவிட்டு ஓடினேன். அதுவரை ஓடியதெல்லாம் ஓட்டமே இல்லை. ஒவ்வொரு நிழலையும், ஒவ்வொரு வெள்ளைத் துணியையும் பார்த்துக்கொண்டே ஓடினேன். மரத்தடியில் யாரோ குனிந்து கூடி நிற்பதைப் பார்த்துச் சாலையோரம் பாய்ந்தேன். அங்கே ஐஸ்கிரீம் விற்றார்கள்.

நகர மன்றத்தின் கோபுரம் தெரிகிற இடத்தில் அப்பாவைக் கண்டேன். தடுப்புக்கு அந்தப்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தொப்பி இல்லை. ஸ்வெட்டரைக் கழற்றியிருந்தார். பக்கத்தில் யாரோ கொடுத்த ஆரஞ்சுப் பழச்சாறு. லீனா அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்படிச் செய்வதை அவள் எப்போது கவனித்தாளோ.

நான் தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டினேன். அப்பா எழுந்து வந்தார். நாடி வேகமாக இருந்தது, ஆனால் ஒழுங்காக இருந்தது. உதட்டு நிறம் மாறவில்லை.

"வலி உண்டா?"

"இல்ல. கிதைப்பு மட்டும்" என்றார் மூச்சிரைக்க. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பின்னாலயா வாறே? அப்போ முன்னால போனவ யாரு?"

"அது அம்மா இல்லைன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்றாள் லீனா சுவீடிஷில். "அவருக்குப் புரியலை. உன்னை மாதிரியே பின்னல் போட்ட ஒருத்தி, அதே நீலச் சட்டை. அவள் பின்னாலேயே மோள், மோள்னு கத்திக்கிட்டு ஓடினார். கூட்டம் முழுக்க அவரோட சேர்ந்து கத்த ஆரம்பிச்சிட்டாங்க."

இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மோள் என்றால் மகள். இந்த ஊர் மொழியில் ஓட்டத்தின் முடிவுக் கோட்டுக்குப் பெயரும் ஏறக்குறைய அதே உச்சரிப்பு. களைத்துப்போனவர்களுக்கு முடிவுக்கோடு பக்கத்தில்தான் என்று ஒரு வெளிநாட்டுப் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டே ஓடுகிறார் என்று நினைத்து, ஏரிக்கரை முழுவதும் "மோள்! மோள்!" என்று முழங்கியிருக்கிறது. அந்த நீலச் சட்டைக்காரி திரும்பிக் கைகூட ஆட்டவில்லையாம். குனிந்த தலையோடு ஓடிவிட்டாள்.

"விளிச்சேன் விளிச்சேன், திரும்பிப் பாக்கல்ல" என்றார் அப்பா. "நேத்தத்த கோவம் மாறல்ல எண்ணு நெனச்சேன்."

"அதுக்கு ஓடணுமா? டாக்டர் என்ன சொன்னாரு உங்ககிட்ட?"

"நீ நிக்கல்லியே. ஓடியல்லவா பறயணும்."

"என்னத்தப் பறயணும்?"

அவர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் ஊருக்குப் போவல்ல. இங்கயே நிக்கேன். நீ வெசனப்படாண்டாம். அதாக்கும் பறய வந்தது."

எனக்குப் பின்னால் ஓட்டக்காரர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். வியர்வையா கண்ணீரா என்று பிரிக்க முடியாத நிலையில் நின்றேன். முதலுதவிக்காரர்கள் இரண்டு பேர் வந்து அப்பாவின் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சநேரம் நிழலில் இருக்கட்டும் என்றார்கள். நான் தடுப்பைத் தாண்டக் காலைத் தூக்கினேன். கால் எழும்பவில்லை.

"நீ போ அம்மா" என்றாள் லீனா. "பாட்டாகூட நான் இருக்கேன். மாத்திரை எதுன்னு எனக்குத் தெரியும்."

அப்பா மோதிரம் போட்ட விரலால் இரும்புத் தடுப்பில் இரண்டு தட்டு தட்டினார். "போட்டே" என்றார்.

5

முடித்தேன். எத்தனையாவது என்று கேட்காதீர்கள். அந்தப் பீட்ரூட் முகப் பெண்மணி எனக்கு முன்னால் வந்திருந்தாள். புல்லில் படுத்தபடி கையசைத்தாள். நானும் அவள் பக்கத்தில் படுத்தேன். காலின் ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகத் துடித்தது. எட்டு மாதமாக அப்பாவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ, நான் வருத்தப்படக்கூடாது என்பதற்காக ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். புல்லில் கிடந்தபடி அதை முதன்முறையாகப் புரிந்துகொண்டேன். அவரை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே பயமாக இருந்தது.

மறுநாள் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நிக்கேன் எண்ணு சொன்னேன்லா, பின்ன என்ன?" என்றார். "நீங்க போங்கப்பா" என்றேன். "போவல்ல" என்றார். இரண்டு நாளுக்கு முன்பு போவேன் என்று சொன்ன அதே பிடிவாதம். வில்சன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காப்பி போடப் போய்விட்டார்.

லீனா மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, தமிழில் கேட்டாள்:

"பாட்டா. உங்களுக்கு... எங்க இருக்க இஷ்டம்?"

அப்பா அவளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கொல்லயில்ல, மோளே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை.

அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றேன். எதற்காக என்று அதே அம்மாள் கேட்டாள். அவருடைய விருப்பம் என்றேன். அப்படி ஒரு காரணத்தை எங்கே குறிப்பது என்று அவள் கொஞ்சநேரம் யோசித்தாள். ஆகஸ்டில் நானும் அப்பாவும் சேர்ந்து போனோம். பாறசாலையில் ஒரு டாக்டரைப் பார்த்து ஏற்பாடு செய்தேன். மதியச் சோறு செல்லப்பன் அண்ணன் வீட்டிலிருந்து வரும். எங்கள் பகுதியில் வீடுகளுக்கு டெலிபோன் வரத் தொடங்கிய நேரம். விண்ணப்பித்து, அலைந்து, அதையும் வாங்கி வைத்தேன். கிளம்புகிற அன்று அழுதேன். அவர் அழவில்லை. பஸ் நேரம் மாறியிருக்கிறது, பார்த்துப் போ என்றார்.

இந்தப் பத்து மாதத்தில் இரண்டு தடவை வலி வந்திருக்கிறது. ஒருதடவை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தார். சேதி கேட்ட அந்த வாரம் நான் வார்டில் மாத்திரைகளை இரண்டிரண்டு தடவை சரிபார்த்தேன். என் கையை எனக்கே நம்ப முடியவில்லை. செய்தது சரிதானா என்று இப்போதும் சில நாட்கள் கேட்டுக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருக்க ஊர்க்காரர்கள் முறைபோட்டு வந்தார்கள் என்று செல்லப்பன் அண்ணன் சொன்னார். அவர்கள் யாரும் எந்தப் பட்டியலிலும் உறவினர்கள் அல்ல.

இன்று டூட்டி முடிந்து வந்ததும் போன் செய்தேன்.

"இன்னைக்கு ஓட்டமல்லவா? ஓடினியா?"

"இல்லப்பா. டூட்டி. அடுத்த வருஷம் ஓடணும்."

"ஓடு, ஓடு. கொச்சு எங்க?"

லீனா காத்திருந்தவள் போல ரிசீவரைப் பிடுங்கினாள். ஏதோ கேட்டாள், ஏதோ சொன்னாள். பாதி புரியாமல் "ஆமா, ஆமா" என்று சிரித்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று நான் ஆரம்பித்தபோது அந்தப்பக்கம் யாரோ வாசலில் கூப்பிடுவது கேட்டது.

"கண்டக்டரே! அகத்து உண்டோ?"

"மக்கா, குட்டப்பன் வந்திருக்கான். ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோ" என்றார்.

ரிசீவரை மேஜைமேல் வைக்கிற சத்தம். நாற்காலி இழுபடுகிற சத்தம். மலையாளத்திலும் தமிழிலுமாக இரண்டு கிழவர்கள் பனச்சமூட்டுக்கு விட்டிருக்கிற புதிய பஸ் எந்த வழியாகப் போகிறது என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். குட்டப்பன் ஏதோ சொன்னதற்கு அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். என்னை அவர் மறந்தே போனார். நான் போனை வைக்காமல் வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.